கல்யாண மகாலும் கடலோர மாளிகையும்

செஞ்சிக்கு வருவோர் பெரும்பாலும் மலையைப் பார்க்கவே வருகின்றனர். ராஜகிரியின் உச்சியில் ஏறி நின்று, கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் சுட்டிக்காட்டி, தேசிங்கு ராஜனின் குதிரை எங்கே பாய்ந்தது என்று வழிகாட்டியைக் கேட்டுவிட்டு இறங்கிவிடுகின்றனர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கால அரண்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கும் மலையும் மதிலுமே நினைவில் நிற்கும். நாம் சென்ற மாதம் அங்கே சென்றது மலை ஏறுவதற்காக அன்று. ராஜகிரியின் அடிவாரத்தில் நிற்கும் கல்யாண மகாலை ஒரு நண்பருக்குக் காட்டுவதற்காகவே சென்றோம்.

நண்பர் ஜித்தாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். புதுவைக்கும் மரக்காணத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அவருக்கு ஓர் இடம் வாய்த்திருக்கிறது. அங்கே ஏழு மாடியில் ஓர் அலுவலக மாளிகை எழுப்பி வாடகைக்கு விட எண்ணம். ஆயுட்கால உழைப்பு முழுவதையும் அந்த ஓரிடத்தில் கொட்டப்போகிறார். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். விரித்துப் பார்த்தோம். நாற்புறமும் தரையிலிருந்து உச்சிவரை நீலக் கண்ணாடி. உச்சியில் நான்கு மூலைகளிலும் சிறு குமிழ்கள். வாயிலில் மூன்று கூர்முனை வளைவுகள். வளைவுகளைத் தொட்டுக் காட்டி, "பார்த்த உடனே நம்ம கட்டடம்னு தெரியணும் பாய்!" என்றார்.

அவருடைய ஆசையில் குறை காண நமக்கு மனமில்லை. ஆனால் அந்த வளைவுகள் எதைத் தாங்குகின்றன என்று கேட்டோம். எதையும் தாங்கவில்லை. கான்கிரீட் தூண்கள் உள்ளே நிற்கும். வளைவை வெளியே சிமெண்டில் வார்த்து ஒட்டிவிடுவார்கள். குமிழும் அப்படித்தான். அதற்குமேல் வாயால் விளக்குவதைவிடக் கண்ணால் காட்டுவது நலம் என்று தோன்றியதால்தான் செஞ்சிப் பயணம்.

கல்யாண மகால் நாயக்கர் காலத்து அரண்மனைத் தொகுதியைச் சேர்ந்தது. சதுரமான முற்றம், அதைச் சுற்றி அறைகள், முற்றத்தின் நடுவே ஏறத்தாழ 80 அடி உயரத்தில் ஒரு சதுரக் கோபுரம். எட்டு நிலைகள் என்று கணக்கிடுவர். உச்சியில் கூம்புக் கூரை. கீழே அகன்று மேலே குறுகிச் செல்லும் கோயில் கோபுரத்தைப் போன்றதன்று இது. கீழ் நிலைகள் அளவில் ஒன்றுபோலவே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சிறிய அறை, ஏறக்குறைய எட்டடிச் சதுரம். அதைச் சுற்றி நாற்புறமும் வளைவுகளின்மேல் அமைந்த தாழ்வாரம். மேலேறக் குறுகிய படிகள் உண்டு. ஆறாம் நிலைவரை சுட்ட மண் குழாய் வழியே தண்ணீர் ஏற்றினார்கள் என்பது பழைய மாவட்ட வரலாற்று நூல்களில் வரும் செய்தி.

இன்றைய பொறியாளர் ஒருவரிடம் இந்த அமைப்பைச் சொன்னால், "நடுவில் கெட்டியான கரு, வெளியே தூண் வரிசை" என்பார். நாட்டிலுள்ள அலுவலக மாளிகைகளிற் பல அந்த அமைப்பில்தான் எழுகின்றன. மின்தூக்கியும் படிக்கட்டும் நடுவிலே; சுற்றிலும் தூண்கள்; இரண்டுக்கும் இடையே தளம். வேறுபாடு ஒன்றுதான். செஞ்சியில் கருவுக்கும் தூண் வரிசைக்கும் இடையே இருப்பது நிழல். இன்றைய மாளிகையில் அந்த இடத்தில் மேசையும் மனிதனும். வெளிவிளிம்பில் நிழலுக்குப் பதில் கண்ணாடி.

வளைவுகளைப் பற்றி ஒரு சொல். செஞ்சியின் வளைவு பாரம் தாங்குவது. தலைக்குமேல் உள்ள செங்கல்லின் எடையை இரு புறமும் பிரித்துத் தூண்களுக்கு அனுப்புகிறது. ஒரு வளைவைத் தட்டிவிட்டால் அடுத்ததும் கலங்கும். இதைக் கட்டியவர்கள் இந்து அரசர்களின் கொத்தனார்கள். பாரசீகத்திலும் தக்காணத்திலும் வழங்கிய வடிவத்தை அவர்கள் எடுத்துக்கொண்டது தம்மை எவர் என்று அறிவித்துக்கொள்வதற்காக அன்று. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு காற்றோட்டமான நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அந்த வடிவம் உதவிற்று, எடுத்துக்கொண்டார்கள். அதே கோட்டைக்குள் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசலும் நிற்கிறது. அங்கேயும் வளைவு தன் வேலையைச் செய்துகொண்டுதான் நிற்கிறது. வளைவுக்கு மார்க்கம் கிடையாது, கடமை உண்டு.

நண்பர் இதைக் கேட்டுச் சற்று முகம் வாடினார். "அப்போ ஜித்தாவிலே பேங்க் கட்டடத்தைப் பத்திப் பெருமையா எழுதுறாங்களே, அதுலே வளைவே இல்லையே?" என்று கேட்டார். நாம் பேச நினைத்த இடத்துக்கு அவரே வந்து சேர்ந்தார்.

அவர் குறிப்பிட்டது தேசிய வர்த்தக வங்கியின் தலைமையகமாக 1983இல் முடிந்த மாளிகை. 2021இல் அந்த வங்கி இன்னொரு வங்கியுடன் இணைந்து சவூதி தேசிய வங்கி என்று பெயர் மாறியது. பழைய ஜித்தாவின் விளிம்பில், கடற்கழியை ஒட்டி, 27 மாடிகளுடன் நானூறு அடிக்குச் சற்று மேலாக நிற்கிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்றவர்கள், அங்கே பிழைக்கச் சென்றவர்கள் எனத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அதைத் தொலைவிலிருந்தேனும் கண்டவர் பலர் இருப்பர். பக்கத்தில் வட்ட வடிவில் ஒரு வாகன நிறுத்துமிடம் உண்டு. மாளிகையின் அடித்தளம் முக்கோணம். வெளிச்சுவர் வெளிறிய கல். வழக்கமான சன்னல் ஒன்றும் வெளிச்சுவரில் தென்படாது. அதற்குப் பதிலாக மூன்று பெருந்திறப்புகள். ஒரு முகத்தில் இரண்டு, மற்றொரு முகத்தில் ஒன்று. ஏழு மாடி, ஒன்பது மாடி உயரத்துக்குச் சுவரைக் குடைந்தெடுத்தாற்போல அவை அமைந்திருக்கின்றன. சுவருக்குப் பின்னால் உள்ள அலுவலகங்களின் சன்னல்கள் எல்லாம் இந்தத் திறப்புகளின் உட்புறத்தை நோக்கியே திறக்கின்றன. ஆக, வெயில் நேராக மேசையில் விழுவதில்லை. நிழலில் தோய்ந்த ஒளியே உள்ளே வருகிறது. திறப்புகளையெல்லாம் இணைத்து நடுவே ஒரு கிணறு போன்ற வெற்றிடம் உச்சிவரை செல்கிறது. சூடேறிய காற்று அதன் வழியே மேலேறி வெளியேறும்.

இதை வரைந்தவர் கார்டன் பன்ஷாஃப்ட் என்ற அமெரிக்கர். இவருடைய வரலாற்றில்தான் சுவையே இருக்கிறது. 1952இல் நியூயார்க்கில் லீவர் ஹவுஸ் என்ற 24 மாடி மாளிகையை வரைந்தவர் இவரே. திறக்கவே முடியாத கண்ணாடிச் சுவர், முழுக்க முழுக்க இயந்திரக் குளிர்ச்சி, மெல்லிய நெடிய பெட்டி போன்ற உருவம் ஆகியவற்றை உலகம் முழுவதும் நாகரிகமாக்கிய கட்டடங்களில் அது முதல் வரிசையில் வைக்கத் தக்கது. நம் நண்பரின் வரைபடத்தில் உள்ள நீலக் கண்ணாடிக்கு அதுவே பாட்டனார் என்றும் சொல்லலாம். அந்த மனிதர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துச் செங்கடற்கரையின் வெயிலுக்கு முன் நின்றபோது, தாம் பரப்பிய கண்ணாடியைத் தாமே கைவிட்டார். நாம் அதைத் தோல்வியாகக் கருதவில்லை. வெயிலுக்கு மரியாதை செய்தார், அவ்வளவுதான்.

அவர் ஜித்தாவில் கண்டுபிடித்தது புதிதொன்றுமில்லை. சில நூறு அடி தொலைவிலேயே பழைய நகரத்தின் பவளக்கல் வீடுகள் நிற்கின்றன. 2014இல் அவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. கடலடிப் பவளப் பாறையை வெட்டிச் சுவராக்கி, இடையிடையே மரச்சட்டம் வைத்துக் கட்டி, சன்னல்களுக்கு வெளியே மரப் பின்னல் கூண்டுகளை நீட்டிவிட்டிருப்பார்கள். காற்று உள்ளே வரும். கண் உள்ளே வராது. நம் காயல்பட்டினத்து, கீழக்கரை வீடுகளின் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் அறிந்தவர்களுக்கு இந்த உட்பார்வை அயலானதன்று. கல்யாண மகாலின் முற்றமும் அரண்மனைப் பெண்டிருக்காக அமைந்ததாகவே சொல்லப்படுகிறது. வங்கி மாளிகை இவற்றைப் போன்ற முற்றத்தைத்தான் எடுத்து நிமிர்த்தி, ஆகாயத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. வளைவு ஒன்றுமில்லை; குமிழ் ஒன்றுமில்லை. ஆயினும் ஒட்டு வளைவுகளோடு நிற்கும் எத்தனையோ கட்டடங்களைவிட அரபு நாட்டு வீட்டுக்கு அது நெருங்கிய உறவு.

புகழ்வது எளிது. அந்த மாளிகையில் நமக்கு மனக்குறைகளும் உண்டு.

முதலாவது, அதன் கல். வெளியில் தெரியும் வெளிறிய கல் பாரம் தாங்கும் கல்லன்று. உள்ளேயுள்ள எலும்புக்கூட்டின்மேல் போர்த்திய போர்வை. இருபத்தேழு மாடியைக் கல்லாலேயே தாங்க வேண்டுமென்றால் அடிச்சுவர் எத்தனை பருமன் வேண்டும்? சிகாகோவில் 1891இல் செங்கல் சுவர்களின்மேலேயே எழுப்பிய மொனாட்னாக் மாளிகை 16 மாடிதான். அதன் அடிச்சுவர் ஆறடிப் பருமன். ஆகவே போர்வை தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் போர்வை போர்த்தியவர் உள்ளிருக்கும் எலும்பை முழுவதுமாக மறைத்துவிட்டார். ஏழு மாடி உயரத்துக்குச் சுவரில் ஒரு வாய் திறந்தால், அந்த வாய்க்கு மேலுள்ள தளங்களின் எடை எங்கேயோ வளைந்து, எந்த வழியாகவோ தரைக்கு இறங்கியாக வேண்டும். எந்தக் கட்டடத்துக்கும் இது விதி. செஞ்சியின் வளைவைப் பார்த்தவுடன் எடை எப்படி இறங்குகிறது என்று ஒரு சிறுவனும் சொல்லிவிடுவான். ஜித்தாவின் மாளிகையைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அது ஒரு மாயவித்தைபோல நிற்கிறது. நமக்கு மாயவித்தையில் ஆர்வம் குறைவு.

இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியவர் நம் துணைக்கண்டத்து மனிதர். ஃபஸ்லுர் ரஹ்மான் கான், 1929இல் அன்றைய வங்காளத்தில் பிறந்து, டாக்காவில் பொறியியல் படித்து, அமெரிக்கா சென்று, பன்ஷாஃப்ட் பணியாற்றிய அதே நிறுவனத்தில் கட்டட அமைப்புப் பொறியாளராக விளங்கியவர். உயர்ந்த மாளிகைக்கு எடையைவிடப் பெரிய பகை காற்று. மண்ணில் நட்ட கம்பத்தைப்போலக் கட்டடத்தை அது வளைக்கப் பார்க்கும். தூண்களை உள்ளெல்லாம் இறைத்து வைப்பதைவிட, வெளிவிளிம்பில் நெருக்கமாக நிறுத்தி ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் கட்டடம் முழுவதும் ஒரே குழாயாக நின்று காற்றை எதிர்க்கும் என்று கான் காட்டினார். மூங்கில் உள்ளே வெற்றிடமாக இருந்தும் புயலில் ஒடியாமல் நிற்பதை நாம் அறிவோம். அதே நியாயம்தான். இதனால் உயரத்துக்குச் செலவாகும் உருக்கு பெரிதும் குறைந்தது. சிகாகோவில் அவர் அமைத்த நூறு மாடி ஜான் ஹான்காக் மாளிகையில், காற்றைத் தாங்கும் பெருஞ்சட்டங்கள் வெளிமுகத்திலேயே பெருக்கல் குறிகளாகத் தெரியும். எதை எது தாங்குகிறது என்பதைக் கட்டடமே வாய்விட்டுச் சொல்லும். அளவிலும் காலத்திலும் பெருந்தொலைவு என்றாலும், அது கல்யாண மகாலுக்கு உறவு என்பது நம் கணிப்பு.

கானும் பன்ஷாஃப்டும் ஜித்தாவில் சேர்ந்து செய்த வேலை ஒன்று உண்டு. விமான நிலையத்தில் ஹாஜிகளுக்காக அமைந்த கூடாரக் கூரை அது. 45 மீட்டர்ச் சதுரத்தில் ஒவ்வொன்றாக, 210 துணிக் கூடாரங்கள் தூண்களிலிருந்து தொங்குகின்றன. கீழே சுவரில்லை. சூடான காற்று மேலேறிக் கூடாரத்தின் நடுத்துளையால் வெளியேறுகிறது. 1983இல் கட்டடக் கலைக்கான ஆகாகான் விருது அதற்குக் கிடைத்தது. இஹ்ராம் உடையில் அங்கே காத்திருந்த நம் பெரியவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்தது அதைத்தான். விருதைக் காணக் கான் உயிரோடில்லை. 1982 மார்ச்சில், 52 வயதில், அதே ஜித்தாவில் இயற்கை எய்தினார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வங்கி மாளிகையின் இரண்டாவது குறை, தெருவில் போகிறவனுக்கு அது ஒன்றும் தருவதில்லை என்பது. உள்ளிருப்பவருக்கு நிழல்; வெளியே நடப்பவருக்கு வழுவழுப்பான கல். நம் ஊர்களில் திண்ணை என்று ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் உள்ளே உறங்கினாலும் வழிப்போக்கர் திண்ணையில் அமரலாம். கோடிக்கணக்கில் செலவழித்தவர்கள் ஒரு திண்ணையை மறந்துவிட்டார்கள்.

இவற்றைப் பேசிக்கொண்டே நாம் மகாலின் முற்றத்தில் அமர்ந்திருந்தோம். பகல் பன்னிரண்டு மணி, பாறையெல்லாம் கொதித்தது. தாழ்வாரத்துக்குள் வெயில் வரவில்லை. நண்பர் வரைபடத்தை மறுபடியும் விரித்தார். இம்முறை கண்ணாடியைப் பற்றி அவரே கேட்டார்.

கேட்டதனால் சொன்னோம். ஜித்தாவில் கடல் மேற்கே. மாலை வெயில் கடலிலிருந்து அடிக்கும். சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கே. காலை வெயில் கடல் பக்கம், மாலை வெயில் சாலைப் பக்கம். அவருடைய மேற்குக் கண்ணாடிதான் பிற்பகல் முழுவதும் அடுப்பாகும். நம் கரையில் பிற்பகலில் கடற்காற்று எழும். திறக்காத கண்ணாடிக்கு அந்தக் காற்றால் பயனில்லை. மின்சாரம் நின்றால் ஏழாம் மாடியில் ஒருவரும் அமர முடியாது. ஆகவே ஜித்தாவின் மாளிகையையும் அப்படியே பெயர்த்துவர வேண்டியதில்லை. அது மழை அரிதான ஊருக்கு ஆனது. ஐப்பசி கார்த்திகையில் சாய்ந்தடிக்கும் மழை அங்கே எங்கே இருக்கிறது? நமக்குத் தேவை நாற்புறமும் ஆழ்ந்த தாழ்வாரம். அதற்குப் பின்னால் திறந்து மூடக்கூடிய சன்னல். கட்டடச் சுவர் வெயிலையும் மழையையும் முதலில் தாழ்வாரத்தில் சந்திக்கட்டும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தது. இந்தக் கரையில் கட்டடம் கணக்கிடுவோர் நொடிக்கு 50 மீட்டர் வேகக் காற்றை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரை, அடிப்படையாக வைக்க வேண்டுமென்பது இந்தியத் தர விதி. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். கண்ணாடிப் பலகை ஒன்று பெயர்ந்தால் காற்று உள்ளே புகுந்து எதிர்ப்பக்கத்துப் பலகைகளை உள்ளிருந்தே தள்ளத் தொடங்கும். சட்டத்துக்கும் ஆணிக்கும் யார் கணக்கிட்டது என்று கேட்டோம். கண்ணாடி விற்பவரே பார்த்துக்கொள்வார் என்றார்.

எல்லாவற்றிலும் நம்மை அச்சுறுத்தியது உப்பு. கல்யாண மகாலில் செங்கல்லும் சுண்ணாம்பும் கல்லும். தாங்கும் வேலையில் இரும்பு இல்லை, ஆகவே துருவும் இல்லை. கான்கிரீட்டின் உயிர் அதற்குள்ளிருக்கும் கம்பியில் இருக்கிறது. கடற்காற்றின் உப்பு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடற்கரை ஊர்களில் இருபதே ஆண்டுகளில் பால்கனியின் அடிப்புறம் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதைக் கண்டிருக்கிறோம். இதற்குத் தர விதி சொல்லும் மருந்து எளியது. கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர், அலைச் சாரல் படும் இடமானால் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கலவையும் குறைந்தது எம் 30, சாரல் படுமிடத்தில் எம் 35 தரத்தில் இருக்க வேண்டும். நண்பரின் வரைபடத்தில் 25 என்று எழுதியிருந்தது. உள்நாட்டு வீட்டுக்குப் போட்ட படத்தை எவரோ பிரதி எடுத்துத் தந்திருக்கிறார். குமிழுக்கும் வளைவுக்கும் தனியாக இரண்டு தாள் வரைந்தவருக்கு இதைத் திருத்த நேரமில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளின் வியர்வை அந்த 25க்கும் 45க்கும் இடையே தொங்குகிறது என்பதை அவர் உணர்ந்தபோது சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "குமிழ் வேண்டாம்னே வச்சுக்குவோம். ஒரு வளைவாவது இருக்கட்டும் பாய், பிள்ளைங்க ஆசைப்படுதுங்க" என்றார். இருக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள் என்றோம். சாலைப் பக்கத் தாழ்வாரத்தின் எடையை அது தாங்கட்டும். பேருந்துக்கு நிற்பவர்கள் அதன் நிழலில் நிற்கட்டும்.

அவர் எழுந்துபோய்த் தாழ்வாரத்தின் ஆழத்தை அளக்கத் தொடங்கினார். அளவுநாடா எங்களிடம் இல்லை. தோளிலிருந்த துண்டை நீட்டிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, பிறகு அதே அளவை வளைவின் உயரத்துக்கும் வைத்துப் பார்த்தார். காவலர் ஒருவர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "வீட்டுக்கு ஒரு கணக்குப் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு, வரைபடத்தின் பின்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.